சிரித்த முகமாக இருந்தால் நம் மனசு உண்மையிலேயே லேசாகுமா? மற்றவர்களோடு நெருக்கம் கூடுமா?

மருந்துக்கடை கவுன்ட்டரில் 11 வருடமாக நிற்கிறேன். சிரித்துக்கொண்டே யாரும் வராத கடை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மனசு லேசாகும், ஆனால் கொஞ்சம்தான். 1988-இல் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். பேனாவை உதட்டில் படாமல் பல்லால் கடித்தால் வாய் தானாகவே சிரிப்பது போல விரியும். அப்படிக் கடித்துக்கொண்டு கார்ட்டூன் பார்த்தவர்களுக்கு அது கூடுதல் வேடிக்கையாகத் தெரிந்ததாம். 2016-இல் 17 ஆய்வுக் குழுக்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் தென்படவில்லை. 2022-இல் வெளியான இன்னொரு ஆய்வில் 19 நாடுகளைச் சேர்ந்த 3,800-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். வேண்டுமென்றே சிரிப்பு முகம் காட்டியவர்களுக்கு மகிழ்ச்சி சற்றுக் கூடியது. பேனா விஷயம் மட்டும் அதிலும் உறுதியாகவில்லை. ஒரு மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் நானும் கடித்துப் பார்த்தேன். எச்சில் ஒழுகியதுதான் மிச்சம்.

நெருக்கம் என்று கேட்டீர்களே, அதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி கல்லாவுக்கு மேலே "புன்சிரிப்புடன் வரவேற்கவும்" என்று எழுதி ஒட்டியிருந்தார். நானும் காலை 9 மணியிலிருந்து பல்லைக் காட்டிக்கொண்டே நிற்பேன். ராத்திரி வீட்டுக்குப் போனால் கன்னம் வலிக்கும், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன். கடைக்கு வருகிறவர்களும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். மனைவிக்கு ஊசி மருந்து வாங்க வந்தவர் ஒருவர், "இதுல சிரிக்க என்னப்பா இருக்கு?" என்று கேட்டேவிட்டார்.

அப்புறம் கொரோனா வந்தது. முகக்கவசம் போட்டபின் வாய் தெரியாது, சிரித்தாலும் ஒன்றுதான், சிரிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று விட்டுவிட்டேன். மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்கும் ஒரு பாட்டி, "போன தடவை அரை அட்டை கம்மியா குடுத்திட்டியே தம்பி, உன் கணக்கு வாத்தியார் யாரு?" என்றார். எனக்கு அடக்க முடியவில்லை. "அட, கண்ணே சிரிக்குதே" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். பிரெஞ்சு மருத்துவர் டுஷென் 1862-லேயே எழுதிய விஷயம்தான் இது: உதட்டோரத்தைத் தூக்கும் தசை நாம் சொன்னால் கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசையோ மனசு சிரித்தால்தான் அசையும் என்றார் அவர். கண்ணையும் சுருக்கி நடிக்கப் பலரால் முடியும் என்று பிற்காலத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இருந்தாலும் அந்தப் பாட்டியை ஏமாற்றியிருக்க முடியாது.

அன்றைக்குப் பிறகு எல்லோரையும் பார்த்துச் சிரிப்பதை விட்டுவிட்டேன். முதலில் சீட்டைப் பார்ப்பதற்குப் பதில் ஆளின் முகத்தைப் பார்க்கிறேன். தெரிந்த முகமாக இருந்தால் சிரிப்பு தானாகவே வந்துவிடும், அவர்களும் திருப்பிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு என் முகத்தில் ஒரு அரைமணி நேரமாவது தங்கும்.

ராத்திரி 10 மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டோடு ஓடி வருகிறவர்களிடம் சிரிப்பதில்லை. "உட்காருங்க, எடுத்துத் தர்றேன்" என்று மட்டும் சொல்வேன்.