இணையவழிப் பாடம் வடிவமைக்கப் படிக்கலாமா? கோத்தகிரியிலிருந்து பதில்கள்

கல்வித் தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்து, பதினோரு வருடமாக இணையவழிப் பாடங்கள் செய்துவருகிறேன். இந்தப் படிப்பைப் பற்றிப் போன ஞாயிறு கோத்தகிரியில் நடந்த சந்திப்பில் நேரமில்லாமல் விட்டுப்போன கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

குன்னூர், பி.எஸ்சி. கணினி அறிவியல் மாணவர்: அக்கா, எனக்கு வீடியோ எடிட்டிங் நல்லா வரும். இந்தப் படிப்பு எனக்குச் சரிவருமா?

சரிவரும் தம்பி. ஆனால் வீடியோ இதில் கடைசி வேலை. சிறு தேயிலை விவசாயிகளுக்காக நான் முதலில் செய்த பாடம் கொழுந்து பறிப்பதைப் பற்றியது. 14 நிமிட வீடியோ. பின்னணிக் குரல் பேசப் பேச அதே வார்த்தைகள் திரையிலும் ஓடும், அடியில் இசை வேறு. கட்டபெட்டு பக்கம் ஒரு அம்மாவிடம் போனைக் கொடுத்து, அவர் வீட்டுத் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது நிமிடம் சத்தத்தைக் குறைத்தார். ஐந்தாவது நிமிடம் போனை மடியில் வைத்துவிட்டு, "எந்த இலையைத்தான் கிள்ளச் சொல்ற?" என்று கேட்டார்.

அன்று இரவே எல்லாவற்றையும் கலைத்தேன். அடுத்த பாடத்தில் மூன்று போட்டோ மட்டும்: இரண்டு இலையும் மொட்டும், மூன்று இலையும் மொட்டும், முற்றிய இலை. ஃபேக்டரியில் எதற்கு நல்ல விலை கிடைக்கும் என்று தொட வேண்டும். தப்பாகத் தொட்டால் ஏன் தப்பு என்று ஒரே வரி. அதே அம்மா நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு, தன் தோட்டத்து இலையை எடுத்து என்னிடமே காட்டினார்.

ஒரே நேரத்தில் மனது எவ்வளவு சுமை தாங்கும் என்பது பற்றி ஜான் ஸ்வெல்லர் 1988இல் எழுதிய கட்டுரையும், படமும் குரலும் எழுத்தும் ஒன்றோடொன்று மோதுவதைப் பற்றி ரிச்சர்ட் மேயர் செய்த ஆய்வுகளும் முதுகலையில் பாடமாக வரும். நான் அவற்றைப் படித்துத் தேர்வும் எழுதியவள்தான். எனக்கு உறைத்தது அந்தத் திண்ணையில்.

உதகை, பள்ளி ஆசிரியை: பி.எட். இருக்கிறது. வேலையை விடாமல் எங்கே படிக்கலாம்?

டீச்சர், உங்களுக்கு இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் முதல் வழி. தொலைநிலைக் கல்விக்கென்றே அங்கே ஒரு எம்.ஏ. உண்டு, கல்வித் தொழில்நுட்பத்தில் முதுநிலைப் பட்டயமும் உண்டு. நேரில் போய்ப் படிக்க முடிந்தால் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் தனித் துறை இருக்கிறது. தொலைநிலை, இணையவழி எதுவானாலும், பணம் கட்டுவதற்கு முன் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) அனுமதிப் பட்டியலில் அந்த நிறுவனம் மட்டுமல்ல, அந்தப் படிப்பின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இடைத்தரகர் வார்த்தையை நம்பிக் கட்டாதீர்கள்.

கொடைக்கானல், முதுகலை மாணவி: பி.எச்டி.யை இணையவழியில் செய்யலாமா?

கூடாது தங்கை. தொலைநிலையிலோ இணையவழியிலோ செய்யும் பி.எச்டி.யை 2022 யுஜிசி விதிகள் அனுமதிப்பதில்லை. ஐஐடி பம்பாய் 2010இலிருந்து கல்வித் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டம் தருகிறது. அங்கே முயலுங்கள். நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) எழுதுவதென்றால் 'கல்வி' என்ற பாடத்தில் எழுதவேண்டும், தொழில்நுட்பம் அதற்குள் ஒரு அலகாக வரும்.

கூடலூர், தன்னார்வலர்: ஜூன் பிறந்தால் மழை, கரண்ட் இருக்காது, சிக்னலும் போய்விடும். இங்கே இணையவழிப் பாடம் யாருக்கு?

எனக்கு மிக நெருக்கமான கேள்வி இது. சிக்னல் தேடி மேட்டில் ஏறி, குடைக்குள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையை நினைத்துத்தான் பாடம் செய்யவேண்டும்.

நேரலை வகுப்பைக் கட்டாயமாக்காதீர்கள். இணையவழிப் பாடம் நடத்த உதவும் மூடுல் (Moodle) செயலியில் பாடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் அனுமதித்திருந்தால் வினாத்தாளையும் இணையம் இல்லாமலே எழுதலாம், சிக்னல் வந்ததும் விடைகள் போய்ச் சேரும். அந்த அனுமதியைத் தர மறந்துவிடுகிறார்கள், அதனால் பிள்ளைகள் தவிக்கிறார்கள். பேசி விளக்கக்கூடியதை ஒலியாகக் கொடுங்கள். வினாடிக்கு 32 கிலோபிட்டில் பதிந்த 10 நிமிடப் பேச்சு ஏறக்குறைய 2.4 எம்பிதான்.

மொழியையும் பாருங்கள். வீட்டில் பணியர் மொழியோ படுகுவோ பேசும் பிள்ளைக்குப் பாடநூல் தமிழே இரண்டாவது மொழி. கேள்வியை அவர்கள் மொழியில் ஒருவரைக் கொண்டு ஒருமுறை பேசிப் பதிந்து வையுங்கள். முதுகலை ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், உங்கள் கூடலூருக்குப் பக்கத்திலிருக்கும் பந்தலூரைவிடப் பொருத்தமான களம் கிடைக்காது.

கேத்தி, ஐ.டி. ஊழியர்: பாடத்தை ஏஐ எழுதிவிடுகிறதே, பழைய மாதிரிகளைப் படிக்கவேண்டுமா?

வேண்டும். 'ஆடி' (ADDIE) என்று நாங்கள் சொல்லும் பாட வடிவமைப்பு மாதிரி 1975இல் அமெரிக்க ராணுவத்துக்காக ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஆய்வு, வடிவம், உருவாக்கம், நடைமுறை, மதிப்பீடு என்று ஐந்து படி. ஏஐ வேகப்படுத்துவது மூன்றாவது படியைத்தான். கட்டபெட்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்காருவது முதல் படியும் கடைசிப் படியும்.

பூம்பாறை, பூண்டு விவசாயி: மகள் இதைப் படிக்க வெளிநாடு போகவேண்டும் என்கிறாள். நிலத்தை வைத்துக் கடன் வாங்கலாமா?

ஐயா, அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்திலும் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறை பழையது, நல்ல பெயரும் உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகம் டிஜிட்டல் கல்வி முதுகலையை இணையவழியிலேயே நடத்துகிறது, ஊரை விட்டுப் போகத் தேவையில்லை. ஆனால் நிலத்தை இப்போது அடமானம் வைக்காதீர்கள். இந்தத் துறையில் வேலை கொடுப்பவர்கள் சான்றிதழோடு, செய்த பாடங்களையும் காட்டச் சொல்வார்கள். இந்த அறுவடைக்கு அவளை உங்கள் களத்தில் உட்கார வையுங்கள். பூண்டை எப்படித் தரம் பிரிக்கிறீர்கள் என்று கேட்டு அவள் ஒரு பாடம் செய்யட்டும். பிறகு பூண்டே தொடாத ஒரு பையனிடம் அதைக் கொடுத்து, அவன் பிரித்த குவியலை நீங்கள் பாருங்கள். அது சரியாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.