கொட்டும் முடி திரும்பும். எரியும் இடத்தை இந்த வாரமே காட்டுங்கள்

கேள்வி: எனக்கு 33 வயது. திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். மூன்று மாதங்களுக்கு முன் டெங்கு வந்து குணமானேன். இப்போது தலை வாரினால் முடி வேரோடு கொத்தாக வருகிறது. காரணம் போர் தண்ணீரா, ஹெல்மெட்டா, தைராய்டா என்று தெரியவில்லை. உச்சியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சொட்டை விழுந்து பளபளக்கிறது. அரிப்பும் எரிச்சலும் இருக்கின்றன. புழுவெட்டு என்றார்கள், சின்ன வெங்காயம் தேய்க்கிறேன். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறேன், முடி வளரப் பூசும் மினாக்ஸிடிலும் வாங்கி வைத்திருக்கிறேன். தலை முழுவதும் வழுக்கையாகிவிடுமா?

பதில்: ஆகாது. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை என உடலை உலுக்கும் எதுவும், வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் கணிசமான பகுதியை ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குத் தள்ளிவிடும். அந்த முடி உடனே விழாமல் இரண்டு மூன்று மாதம் தலையிலேயே இருந்துவிட்டுப் பிறகு உதிர்வதால்தான், காய்ச்சலையே மறந்துவிட்ட நேரத்தில் சீப்பு நிறைகிறது. நீங்கள் வேர் என்று பதறும் வெள்ளை நுனி வேரன்று. ஓய்வுக்குப் போன முடியின் அடிக்குமிழ். வேர்க்கால் தோலுக்குள் பத்திரமாகவே இருக்கிறது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இந்த உதிர்வு தானாக அடங்கும். ஆனால் முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், பின்னல் பழைய கனத்துக்கு வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். போர் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி ஒடிக்குமே தவிர வேர்க்காலை ஒன்றும் செய்வதில்லை. ஹெல்மெட்டைத் தயவுசெய்து கழற்றிவிடாதீர்கள்.

நான் இரண்டு முறை படித்தது உச்சியில் உள்ள சொட்டையைப் பற்றிய வரியைத்தான். டெங்குவுக்குப் பிறகு முடி தலை முழுவதும் பரவலாக உதிரும். ஓரிடத்தை மட்டும் வட்டமாக வழித்தெடுக்காது. புழுவெட்டு என்று உங்களிடம் சொன்னவர்கள் சொட்டையைப் பார்த்தார்கள், எரிச்சலைக் கேட்கவில்லை போலும். புழுவெட்டில் புழு எதுவும் கிடையாது. உடலின் எதிர்ப்பாற்றல் வேர்க்கால்களைத் தவறுதலாகத் தாக்குவதே அது. அங்கே தோல் வழவழப்பாக இருந்தாலும் முடித்துளைகள் அழிவதில்லை, பெரும்பாலும் எரிச்சலும் இருப்பதில்லை. அதனால்தான் பலருக்கு முடி மீண்டும் முளைக்கிறது, பெயர் வெங்காயத்துக்குப் போய்ச் சேருகிறது.

எரிச்சலோடு தோல் பளபளத்து, ஊசி குத்தியது போன்ற முடித்துளைகளும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்தால், அது தழும்பு விழும் வகையாக இருக்கலாம். லைக்கன் பிளானஸ், டிஸ்காய்டு லூபஸ் போன்ற நோய்கள் தலைத்தோலில் வரும்போது வேர்க்காலையே அழித்து, அந்த இடத்தில் தழும்பை விட்டுச் செல்கின்றன. அழிந்த வேர்க்கால் எந்த மருந்துக்கும் முளைக்காது. எஞ்சியிருப்பதைக் காப்பாற்றத்தான் சிகிச்சை உதவும் என்பதால், இதில் ஒவ்வொரு வாரமும் கணக்கில் வரும். உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. வெங்காயச் சாறே தோலைப் புண்ணாக்கி எரிச்சலைத் தரக்கூடியது. எரிச்சல் வெங்காயத்துக்கு முன்பே இருந்ததா, பின்பு வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாயினும் இன்றே நிறுத்துங்கள். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு பூசுவதும் வேண்டாம். நோயின் அடையாளங்களை அது மங்கச் செய்துவிடும்.

முடி வளர்க்கும் ‘பேக்கேஜ்’ விற்கும் இடத்துக்கன்று, தோல் மருத்துவரிடம் இந்த வாரமே செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவே போதுமானது. அவர் உருப்பெருக்கியால் துளைகளைப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டு 4 மில்லிமீட்டர் அகலத் தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். ஓரிரு தையலோடு முடிந்துவிடும் காரியம் இது. ‘பயாப்ஸி’ என்ற சொல்லைக் கேட்டதும் புற்றுநோயை இணையத்தில் தேட ஆரம்பித்துவிடாதீர்கள்.

தைராய்டை ஊகிக்க வேண்டாம். ஹீமோகுளோபின், இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டைக் காட்டும் டி.எஸ்.ஹெச். ஆகியவற்றை இரத்தத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகம் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்பின் இருப்பு வற்றியிருக்கக்கூடும். இங்கேதான் உங்கள் பயோட்டின் குறுக்கே நிற்கிறது. வழக்கமான உணவு உண்பவர்களுக்கு அந்தச் சத்துக் குறைவது அரிது. ஆனால் முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் உள்ள அளவு, நல்ல தைராய்டையும் மிகையாகச் சுரப்பதுபோல் ஆய்வக முடிவில் காட்டிவிடலாம். பயோட்டின் ஆய்வக முடிவுகளைத் திரிப்பது பற்றி அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே எச்சரித்தது. பரிசோதனைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே அதை நிறுத்துங்கள். சாப்பிட்டு வந்ததை ஆய்வகத்திலும் சொல்லுங்கள்.

மினாக்ஸிடிலை இப்போது திறக்க வேண்டாம். தேவையானவர்களுக்கு நல்ல மருந்துதான்; ஆனால் தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வைக் கூட்டலாம், கருவுறும் எண்ணம் இருந்தால் கூடாது, தானாக அடங்கும் உதிர்வுக்குத் தேவையும் இல்லை.

மருத்துவரிடம் போகும் நாளில் எண்ணெயும் சாயமும் இல்லாத தலையோடு போங்கள். அந்தச் சொட்டையை இன்றே பகல் வெளிச்சத்தில் வீட்டில் ஒருவரைக் கைபேசியில் படமெடுக்கச் சொல்லி, அதையும் எடுத்துச் செல்லுங்கள். அது பரவுகிறதா, நின்றுவிட்டதா என்று அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு அந்தப் படம் வேண்டியிருக்கும்.