கொழும்புல எல்லாரும் சொல்ற ‘மச்சான்’ எண்டா என்ன அர்த்தம்?

முதல் அர்த்தம் உறவுமுறைதான். மாமாட மகன், மாமிட மகன், அக்கா தங்கச்சிட புருசன், மனுசிட அண்ணன் தம்பி, எல்லாரும் மச்சான். சில ஊர்ல பொம்பிளையள் புருசனையே அப்பிடித்தான் கூப்பிடுவாங்க, சினிமாப் பாட்டுல காதலனும் மச்சான்தான்.

கொழும்புல நண்பனையும் மச்சான் எண்டுதான் கூப்பிடுவாங்க, அவனுக்கு ஏன் இந்தப் பேர் வந்துது? நம்ம முறையில சித்தப்பாட மகன் தம்பி அண்ணன் ஆகிடுவான், அவனோட ஒரு மட்டு மரியாதை இருக்கும், மச்சானோட அப்பிடி இல்ல, நக்கலடிக்கலாம், கடன் கேக்கலாம், கேக்காம ஃப்ரிஜ்ஜைத் திறந்து சாப்பிடலாம். அந்த உரிமை நண்பனுக்கும் இருக்கு, அதான் பேரும் அவனுக்குப் போச்சு.

அர்த்தத்துல பாதி குரல்லதான் இருக்கு. ‘மச்சாஆன்’ எண்டு இழுத்தா ஏதோ உதவி வேணும், டக்கெண்டு வெட்டிச் சொன்னா ‘வாயை மூடு, ஆள் வருது’. புறக்கோட்டைத் துணிக்கடையில பொடியன் நம்மட்ட தமிழ்ல விலை சொல்லிட்டு பக்கத்துக் கடைச் சிங்களப் பொடியனை ‘மச்சங்’ எண்டு கூப்பிடுவான், அதே சொல்தான்.

2004ல ஹேண்ட்போல் டீம் எண்டு சொல்லி ஜேர்மனிக்குப் போய் காணாமப் போன இலங்கைப் பொடியன்களைப் பத்தி 2008ல வந்த படத்துக்கும் ‘மச்சான்’ எண்டுதான் பேர், எனக்கு அதைவிடப் பொருத்தமான பேர் தோணல.

இது சிங்களச் சொல், நாங்க கடன் வாங்கினது எண்டு நிறையப் பேர் நினைக்கிறாங்க, அப்பிடி இல்ல, தமிழ் உறவுமுறையில இருந்துதான் அங்க போனது, சிங்களத்துல உறவுக்கு ‘மஸ்ஸினா’ எண்டு தனிச்சொல்லே இருக்கு.