ரக்பி உடம்பு: எடை, கொழுப்பு, தசை பற்றிய உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ரக்பி அணிகளுக்கு உடற்பயிற்சித் திட்டமும் சாப்பாட்டுத் திட்டமும் போட்டுக்கொடுப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. வந்திருக்கும் கேள்விகளில் பாதி, சுற்றி வளைத்து ஒரே இடத்துக்கு வருகின்றன: "நான் எத்தனை கிலோ இருக்க வேண்டும்?" அதற்கு என்னிடம் ஒற்றை எண் கிடையாது. 80 நிமிடம் உங்களால் சுமந்து ஓட முடிகிற கிலோ எது, சும்மா கூடவே வருகிற கிலோ எது என்று பிரித்துப் பார்க்கலாம், அதை ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்கிறேன்.

கேள்வி: உயரம் 1.85 மீட்டர், எடை 100 கிலோ, சென்டர் (மைதானத்தின் நடுவில் பந்தோடு ஓடும் இடம்) ஆடுகிறேன். பி.எம்.ஐ. 29க்கு மேல் வருகிறது, டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்கிறார். குறைக்கணுமா சார்?

பி.எம்.ஐ. என்பது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண், அவ்வளவுதான். உள்ளே இருப்பது தொடைத்தசையா தொப்பையா என்று அதற்குத் தெரியாது. 1995 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவது) போட்ட நியூசிலாந்தின் ஜோனா லோமுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1.96 மீட்டர், அப்போது 119 கிலோ அளவில் இருந்தார். கணக்குப் போட்டால் 31 வரும், அதாவது அட்டவணைப்படி அவர் "உடல் பருமன்" உள்ளவர்! விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், அவரைத் துரத்தியவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்.

அதற்காக டாக்டர் சொன்னதை அப்படியே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். உயரத்தில் பாதிக்குக் கீழே, உங்களுக்கு 92 செ.மீ.க்குள், இருக்கிறதா? ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருக்கின்றனவா? இருந்தால் அந்த 29ஐப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இடுப்பு 100ஐத் தாண்டியிருந்தால் டாக்டர் சொல்வதுதான் சரி, ரக்பி ஆடுகிறோம் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

கேள்வி: ஜிம்மில் உள்ள மெஷின் ஒரு நாள் கொழுப்பு 16 சதவீதம் என்றது, மறுநாள் 19 என்றது. எதை நம்புவது? ரக்பிக்கு எத்தனை சதவீதம் சரி?

இரண்டையும் நம்ப வேண்டாம். அந்த மெஷின் உடம்பில் லேசான மின்சாரத்தைச் செலுத்தி, உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஊகித்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கிறது. பயிற்சி முடிந்து வியர்த்துப் போய் ஏறி நின்றால் ஒன்று, ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் இன்னொன்று.

நான் பயன்படுத்துவது காலிபர் என்ற இடுக்கிதான். மேல்கையின் பின்புறம், மேல்கையின் முன்புறம், தோள்பட்டை எலும்புக்குக் கீழ், இடுப்பில் இரண்டு இடம், வயிறு, தொடை, கெண்டைக்கால் என எட்டு இடங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துத் தோலைக் கிள்ளி, தசையிலிருந்து பிரித்துத் தூக்கி, விரலுக்கு ஒரு செ.மீ. தள்ளி இடுக்கியை வைத்து, இரண்டு விநாடி கழித்து எண்ணைப் படிக்க வேண்டும். தொடையில் பலருக்கும் தோல் இறுக்கமாக இருப்பதால் கிள்ளவே வராது, காலைக் கையால் கீழிருந்து தாங்கிக்கொள்ளச் சொன்னால் வரும். எட்டையும் கூட்டினால் கிடைக்கும் மில்லிமீட்டர்தான் என் கணக்கு. அதைச் சதவீதமாக மாற்ற நான் மெனக்கெடுவதில்லை, ஏனென்றால் மாற்றும் சூத்திரங்கள் சாதாரண உடம்புகளை வைத்து உருவானவை, 120 கிலோ ப்ராப்புக்கு (முன்வரிசையில் நின்று எதிரணியைத் தள்ளுபவர்) அவை தடுமாறும். நல்ல நிலையில் உள்ள பேக் (பின்னால் நின்று பந்தோடு ஓடும்) ஆட்டக்காரர்களிடம் இந்தக் கூட்டுத்தொகை சுமார் 50 முதல் 70 மி.மீ. வரை இருக்கும், ப்ராப்களிடம் 100ஐத் தாண்டுவது சாதாரணம்.

சதவீதம்தான் வேண்டும் என்றால் டெக்ஸா ஸ்கேனில் (எக்ஸ்-ரே மூலம் உடம்பின் கொழுப்பை அளப்பது) பேக்குகள் பெரும்பாலும் 10 முதல் 15க்குள் வருவார்கள், ஃபார்வர்டுகள் (முன்னால் நின்று தள்ளி இடிக்கும் எட்டுப் பேர்) 15 முதல் 20, முன்வரிசை அதற்கும் மேலே. இது ஆண்களின் கணக்கு, பெண்களுக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். ஆனால் ஒரு முறை எடுத்த எண்ணால் பெரிதாகப் பயனில்லை. அதே ஆள், அளப்பது அதே கை, அதே காலை நேரம், ஆறு வாரத்துக்கு ஒரு முறை அளந்தால், எடை ஏறும்போது மில்லிமீட்டரும் ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். எடை 3 கிலோ கூடி, மில்லிமீட்டர் அப்படியே நின்றால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்.

கேள்வி: நான் ப்ராப். கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் ஸ்க்ரம்மில் (இரு அணி ஃபார்வர்டுகளும் கோத்து நின்று தள்ளும்போது) பலம், டேக்கிளில் (ஆளைப் பிடித்து வீழ்த்தும்போது) அடி தெரியாது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உண்மையா அண்ணா?

கால்வாசி உண்மை. ஸ்க்ரம்மில் எடைக்கு வேலை இருக்கிறது, மறுக்க முடியாது. உயர்மட்ட அணியின் எட்டு ஃபார்வர்டுகளும் சேர்ந்தால் 900 கிலோ அளவுக்கு வரும், அந்தப் பக்கம் அதே அளவு. நடுவில் நிற்பவர் கனமாக இருந்தால் அவரை நகர்த்துவது கஷ்டம். ஆனால் தள்ளுவது தொடையும் பிட்டமும் முதுகும்தான், கொழுப்பு தள்ளாது. அடியைத் தாங்கும் என்பதும் அப்படித்தான், விலாவில் ஒரு மெத்தை இருந்தால் சிராய்ப்பு கொஞ்சம் குறையலாம், ஆனால் டேக்கிளில் போவது தோள்பட்டை, முழங்கால், தலை, கழுத்து. அங்கெல்லாம் கொழுப்பால் ஒன்றும் ஆகாது. கழுத்துத் தசையை வளருங்கள், அது நிஜமாகவே உதவும்.

என்னிடம் ஒரு ப்ராப் இருந்தார். சீசன் இல்லாத மாதங்களில் 108 கிலோவிலிருந்து 117க்குப் போய், பெருமையோடு வந்து தராசில் ஏறினார். காலிபர் வைத்தால் ஏறியதில் பெரும்பங்கு வயிற்றிலும் இடுப்பிலும் இருந்தது. ஸ்க்ரம்மில் முதல் அரைமணி நேரம் நன்றாகத்தான் தள்ளினார். அப்புறம் ஆட்டத்தின் வீடியோவை ஓட்டி, ஒவ்வொரு ரக்கிலும் (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியும் மோதும் இடம்) விழுந்த நொடியிலிருந்து இரண்டு காலில் நிற்கும் நொடி வரை எண்ணினோம். தொடக்கத்தில் இரண்டு விநாடி. 50 நிமிடத்துக்குப் பிறகு நான்கு, சில நேரம் ஐந்து, கையை முழங்காலில் ஊன்றித்தான் எழுந்தார். அவர் தரையில் கிடந்த அந்த நேரத்தில் அணி 14 பேரோடு ஆடியது. இதை அவரே பார்த்தபின் நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. ஐந்து மாதத்தில் 111க்கு வந்தார், ஸ்குவாட்டில் தூக்கும் எடை குறையவே இல்லை.

மோதலுக்கும் இதே கணக்குதான். 115 கிலோ ஆள் விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வந்தால் உந்தம் 805. 108 கிலோ ஆள் 7.6 மீட்டரில் வந்தால் 821. இலேசானவர்தான் கனமாக இடிக்கிறார்.

கேள்வி: வயது 17, ஃபிளாங்கர் (ஃபார்வர்டுகளில் ஒருவர்), 74 கிலோ. மூன்று மாதத்தில் 85 ஆக வேண்டும் என்று கோச் சொல்லிவிட்டார். எப்படி?

முடியாது தம்பி. 85 கிலோவைத் தராசில் காட்டலாம், 85 கிலோ ஃபிளாங்கராக முடியாது. ஒழுங்காகப் பயிற்சி செய்யும் புதியவருக்கு மாதத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ தசை வந்தாலே நல்ல பலன், உங்கள் வயதில் ஹார்மோன் கைகொடுப்பதால் கொஞ்சம் கூடலாம். மூன்று மாதத்தில் 11 கிலோ ஏற்றினால் அதில் பெரும்பகுதி கொழுப்புதான், அதைக் கரைக்க அடுத்த சீசன் போய்விடும்.

வாரத்துக்குக் கால் கிலோ, அதிகபட்சம் அரைக் கிலோ ஏறட்டும். இப்போது சாப்பிடுவதற்கு மேல் தினமும் 300 முதல் 500 கலோரி போதும். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம், உங்களுக்கு நாளைக்கு 120 முதல் 150 கிராம். அதை ராத்திரி ஒரே வேளையில் கொட்டாமல் நான்கைந்து வேளையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். பையன்கள் தவறவிடுவது பெரும்பாலும் புரதத்தை அல்ல, மாவுச்சத்தைத்தான். அது போதாவிட்டால் பயிற்சியே பாதியில் நிற்கும். வாரம் மூன்று நாள் எடைப் பயிற்சி: ஸ்குவாட், டெட்லிஃப்ட், புல்அப், பிரஸ். எட்டு, ஒன்பது மணி நேரம் தூக்கம். போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள், இதைச் சும்மா சொல்லவில்லை. இப்படி 80, 81 கிலோ வந்து, 20 மீட்டர் ஓட்டத்தின் நேரம் கெடாமல் இருந்தால் கோச்சிடம் அந்த இரண்டு எண்களையும் சேர்த்துக் காட்டுங்கள்.

கேள்வி: புரோட்டீன் பவுடர், கிரியேட்டின் எடுக்கலாமா?

பவுடர் வெறும் சாப்பாடு, பால் முட்டையில் கிடைக்கும் அதே புரதம், வசதிக்காக எடுத்துக்கொள்ளலாம். கிரியேட்டின் (தசைக்கு ஆற்றல் தரும் துணைப்பொருள்) வேலை செய்யும், நாளைக்கு 3 முதல் 5 கிராம் போதும். முதல் சில வாரங்களில் ஒன்றிரண்டு கிலோ ஏறும், அது தசைக்குள் போன தண்ணீர், கொழுப்பு என்று பயப்படவும் வேண்டாம், தசை என்று கொண்டாடவும் வேண்டாம். சிறுநீரகத் தொந்தரவு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஊக்கமருந்துச் சோதனை நடக்கும் போட்டிகளில் ஆடுபவர்கள், தொகுதி வாரியாகப் பரிசோதிக்கப்பட்டதை மட்டும் வாங்குங்கள். டப்பாவில் எழுதாத ஒன்று உள்ளே கலந்திருந்து உங்கள் சிறுநீரில் தென்பட்டால், பொறுப்பு உங்களுடையதுதான், தெரியாது என்றால் விடமாட்டார்கள்.

கேள்வி: ஆட்டக்காரர்கள் ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டார்கள்? நான் 72 கிலோ, எனக்கு இந்த ஆட்டத்தில் இடமே இல்லையா?

பெரிதாகிவிட்டார்கள் என்பது நிஜம். ஐரோப்பாவின் சர்வதேச அணிகளில் 1955இல் சராசரி எடை 85 கிலோ அளவில் இருந்தது, 2015இல் 105ஐத் தொட்டது. 1995இல் யூனியன் ரக்பி (15 பேர் ஆடும் வகை) தொழில்முறை ஆட்டமானதும், வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள் நாள் முழுக்க ஜிம்மில் இருக்க ஆரம்பித்தார்கள். மாற்று ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர் வரை வந்ததும் இன்னொரு காரணம், கனமான ஃபார்வர்ட் 50 நிமிடம் மூச்சைப் பிடித்து இடித்தால் போதும், மிச்சத்துக்குப் புதிய ஆள் வருவார். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்கா பெஞ்சில் ஏழு ஃபார்வர்டுகளையும் ஒரே ஒரு பேக்கையும் வைத்து, நியூசிலாந்தை 12–11 என்று வென்றது.

ஆனால் அதே தென்னாப்பிரிக்க அணியின் விங்கில் நின்ற செஸ்லின் கோல்பியின் உயரம் 1.72 மீட்டர்தான், எடை 80 கிலோவை ஒட்டி. 2019 இறுதிப் போட்டியில் கடைசி ட்ரை அவருடையது. நியூசிலாந்தில் 85 கிலோவுக்கு உட்பட்டவர்களுக்கென்றே தனிப் போட்டி நடக்கிறது. 72 கிலோவில் ஸ்க்ரம்-ஹாஃப், விங், ஃபுல்பேக் போன்ற பேக் இடங்களில் எல்லாம் ஆடலாம். டேக்கிள் நுட்பத்தை மட்டும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனமாகப் பழகுங்கள்: தலை எந்தப் பக்கம், கால் எவ்வளவு கிட்டத்தில். 72 கிலோ ஆள் தப்பாகப் போய் இடித்தால் அதற்கான விலை அதிகம்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. எதிரணியில் மீசை முளைத்த பையன்கள், இவனைவிட 25 கிலோ கூட. பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. 13 வயதில் பருவ வளர்ச்சி ஒருவனுக்கு முடியும் தறுவாயில் இருக்கும், இன்னொருவனுக்கு ஆரம்பித்தே இருக்காது. நியூசிலாந்தில் சிறுவர்களை வயதோடு எடையும் பார்த்துப் பிரிப்பது இதனால்தான். உங்கள் கிளப்பில் அப்படி இல்லையென்றால், பயிற்சியில் டேக்கிள் பழகும்போதாவது ஒத்த உடம்புள்ளவர்களோடு சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. "எடை ஏத்து" என்று மகனுக்குச் சாப்பாட்டைத் திணிக்க மட்டும் வேண்டாம். பசிக்கிற அளவு சாப்பிடட்டும், நன்றாகத் தூங்கட்டும், உயரும்போது தசை தானே வரும்.

கேள்வி: பெண்கள் அணியில் ஆடுகிறேன். வேகத்துக்காக 6 கிலோ குறைத்தேன், மாதவிடாய் நான்கு மாதமாக வரவில்லை. "கடுமையான பயிற்சியில் இது சகஜம்" என்கிறார்கள்.

சகஜம் இல்லை. தயவுசெய்து இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். செலவாகும் ஆற்றலுக்குச் சாப்பாடு போதாமல், உடம்பு அவசரமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது என்பதற்கான அறிகுறி இது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்குத் தனிப் பெயரே வைத்து எச்சரித்தது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு மெலியும், மெலிந்த எலும்போடு டேக்கிளுக்குப் போகிறீர்கள். வேறு காரணங்களும் இருக்கலாம், அவற்றையும் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். அதுவரை எடையைக் குறைப்பதை நிறுத்துங்கள், பயிற்சிக்கு முன்னும் பின்னும் கட்டாயம் சாப்பிடுங்கள். எடை கூடுவதால் நீங்கள் மோசமான ஆட்டக்காரர் ஆகிவிடமாட்டீர்கள்.

கேள்வி: ஒரே பயிற்சியில் 2.5 கிலோ குறைந்தேன். கொழுப்பு கரைந்ததா?

இல்லை, வியர்வை. ஒரு கிலோ கொழுப்பில் கிட்டத்தட்ட 7,700 கலோரி இருக்கிறது, ஒரு மாலையில் அது கரையாது. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், உப்பும் சேர்த்து, சில மணி நேரத்தில் பிரித்துக் குடியுங்கள்.

கேள்வி: 15 பேர் ஆட்டத்திலிருந்து செவன்ஸுக்கு (ஏழு பேர் ஆட்டம்) போகிறேன், 104 கிலோ. எவ்வளவு குறைக்க?

கிலோவைச் சொல்லமாட்டேன். ஏழேழு நிமிடமாக இரண்டு பாதி, ஆனால் அதே பெரிய மைதானம், ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம். செவன்ஸ் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் 85இலிருந்து 100க்குள் இருப்பார்கள். எட்டு இடத்தின் தோல்மடிப்புக் கூட்டுத்தொகை 90 மி.மீ. இருந்தால் அதிலிருந்து ஆரம்பியுங்கள், வாரம் அரைக் கிலோவுக்கு மேல் இறங்காமல், புரதத்தைக் குறைக்காமல். ஏற்கெனவே 60 மி.மீ. என்றால் எடையைத் தொடாதீர்கள், மூச்சைக் கூட்டுங்கள்.

கேள்வி: 34 வயது, லாக் (ஸ்க்ரம்மின் இரண்டாம் வரிசை) ஆடினேன், போன வருடம் நிறுத்திவிட்டேன். 118 கிலோ அப்படியே இருக்கிறது, ஆனால் பேன்ட் பத்தவில்லை. மனைவி நான் குறட்டை விடுவதாகவும் நடுநடுவே மூச்சு நிற்பதாகவும் சொல்கிறாள்.

தராசு மாறாமல் பேன்ட் இறுகினால் தசை போய் அந்த இடத்தில் கொழுப்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆடும்போது இருந்த பசி அப்படியே இருக்கும், செலவு பாதியாகியிருக்கும். பலருக்கும் இதுதான் நடக்கிறது. ஆட்ட நாட்களின் சோற்றளவையும் மாவுச்சத்தையும் குறையுங்கள், புரதத்தை விட்டுவிடாதீர்கள், வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சியை விடவே விடாதீர்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அந்தக் குறட்டை. தூக்கத்தில் மூச்சு நிற்பது தடித்த கழுத்துள்ள ரக்பி ஆட்டக்காரர்களிடம் அடிக்கடி பார்ப்பது, கழுத்துச் சுற்றளவு 43 செ.மீ.க்கு மேல் போனாலே ஆண்களுக்குச் சந்தேகப்பட வேண்டும். ரத்த அழுத்தம், இதயம் எல்லாவற்றையும் அது இழுத்துக்கொண்டு போகும். தூக்கப் பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள், போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். எத்தனை முறை மூச்சு நிற்கிறது, எவ்வளவு நேரம் என்று டாக்டர் கேட்பார், அது மனைவிக்குத்தான் தெரியும்.