எலும்பு இடைவெளியை நிரப்பும் ஸ்கேஃபோல்டுகள், அதாவது செல்கள் ஏறி வளர இடம் கொடுக்கும் துளையுள்ள துண்டுகள், ஆய்வுக்கட்டுரைகளில் ஜெயிக்கின்றன. ஆஸ்பத்திரியில் ஏன் காணோம்?

பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் இந்தத் துண்டுகளை அமுக்கி உடைப்பதுதான் என் வேலை. அதனால் சோதனைப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

அடியோடு காணோம் என்று சொல்ல முடியாது. சின்னக் குழிகளில் கால்சியம் பாஸ்பேட் குருணைகளை எலும்பு டாக்டர்கள் நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பாரம் தாங்கும் காலில் பெரிய இடைவெளி என்றால்தான் சிக்கல். அங்கே இன்னமும் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் வெட்டியெடுத்து வைப்பதையே அதிகம் நம்புகிறார்கள்.

ஸ்கேஃபோல்டில் சேர்க்கும் ஹைட்ராக்ஸிஅபடைட் ஒரு கால்சியம் பாஸ்பேட், எலும்பின் தாதுவுக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் தனியாக விட்டால் பொரிவிளங்காய் உருண்டை மாதிரி, கெட்டியாக இருக்கும், வளையவே வளையாது. பாலிமர், அதாவது நீளச் சங்கிலி மூலக்கூறுகளால் ஆன, வளைந்துகொடுக்கும் பொருள், சேர்ப்பது அதற்காகத்தான். சரி, சேர்த்தாயிற்று. கட்டுரையில் அமுக்கு வலிமை என்று ஒரு எண் இருக்கும். பஞ்செலும்புக்கு (எலும்புக்குள் பஞ்சு மாதிரி துளையாக இருக்கும் பகுதி) ஏறக்குறைய 2 முதல் 12 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), எங்கள் துண்டும் அதற்குள் வருகிறது என்பார்கள். நான் உடனே தேடுவது, சோதித்தது காய்ந்த துண்டையா, நனைந்த துண்டையா என்பதைத்தான். ஜெலட்டின் கலந்த துண்டை 37 டிகிரி உப்புக் கரைசலில் ஊறவைத்து மெஷினில் வையுங்கள். மேல்தட்டு இறங்கும்போதே ஓரங்களில் தண்ணீர் கசியும், துண்டு சத்தமில்லாமல் சப்பையாகும். உடம்புக்குள் எதுவும் காய்ந்து கிடப்பதில்லையே.

துளைகளும் வேண்டும். செல் நுழைய 100 மைக்ரானாவது (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தேவை. ரத்தக்குழாயும் வளர வேண்டுமென்றால் 300க்கு மேல் நல்லது. துளை கூடக்கூட வலிமை இறங்கும்.

அப்புறம் அந்தச் சிவப்புப் படங்கள். அலிசரின் சாயம் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சிவப்பாகத் தெரியும். செல்கள் தாதுவை உருவாக்கிவிட்டன என்பதற்கு அதைச் சாட்சியாகக் காட்டுவார்கள். எங்கள் ஆய்வகத்துக்கு வந்த தருமபுரிப் பெண் ஒருத்தி அப்படியொரு படத்தை நீட்டி, "அண்ணா, எவ்வளவு நல்லா வந்திருக்கு பாருங்க" என்றாள். "செல் போடாத துண்டுக்கும் சாயம் போட்டுப் பாரும்மா" என்றேன். அதுவும் அதே சிவப்பு. ஸ்கேஃபோல்டிலேயே கால்சியம் இருக்கும்போது வேறென்ன வரும்?

கிருமிநீக்கத்தைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். ஸ்கேஃபோல்டில் சேர்க்கும் பாலிகேப்ரோலாக்டோன் என்ற பாலிமர் 60 டிகிரி வாக்கில் உருகும். நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் 121 டிகிரி ஆட்டோகிளேவில் வைத்தால் துளையும் போச்சு, துண்டும் போச்சு. எத்திலீன் ஆக்சைடு வாயு அல்லது காமா கதிர்தான் வழி. காமாவும் பாலிமர் சங்கிலியை மாற்றக்கூடும், ஆகவே அதற்குப் பிறகு மறுபடியும் அமுக்கிப் பார்க்க வேண்டும்.

விலங்குச் சோதனையில் எலி மண்டையோட்டில் 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு நிரப்புவது ரொம்பப் பிரபலம். ஆனால் எலி தன் மண்டையோட்டின் மேல் நடப்பதில்லை. காலுக்கு ஆடு மாதிரிப் பெரிய விலங்கு வேண்டும்; அதற்குச் செலவு அதிகம், அனுமதியும் லேசில் கிடைக்காது. பாலிகேப்ரோலாக்டோன் முழுக்கக் கரைய இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை காத்திருந்து பார்க்கப் பெரும்பாலான ஆய்வகங்களிடம் காசும் இல்லை, ஆளும் இல்லை. அதனால்தான் எலியோடு கதை நின்றுவிடுகிறது.