டாக்டரம்மா பதில்கள்: தில்லிக் குளிரும் சொரியாசிஸும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான், சொரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல் நோய். ஆச்சரியமில்லை. தீபாவளி முடிந்து ரஜாயை (பஞ்சு வைத்த கனத்த போர்வை) வெளியே எடுத்து உதறும் வாரத்தில் சொரியாசிஸ்காரர்களிடமிருந்து எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். குளிர்க்காற்று, அறையில் ராத்திரி முழுக்க எரியும் ஹீட்டர், கொதிக்கக் கொதிக்க கீசர் தண்ணீர், போதாததற்குப் புகைமூட்டத்தில் வெயிலும் சரியாக விழாது. சென்னையில் சும்மா இருந்த தோல் தில்லிக்கு மாற்றலாகி வந்த முதல் டிசம்பரிலேயே வெடித்துக் கிளம்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. நான்கு வருடமாக முழங்கை, முழங்கால், தலை என்று செதில் செதிலாக உதிர்கிறது. காலையில் போர்வையை உதறினால் ரவை கொட்டினது போல் இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த க்ரீமைப் போட்டால் பத்து நாளில் மறைகிறது, விட்டால் முன்பைவிட அதிகமாக வருகிறது. இந்த மாதம் மட்டும் நாலு ட்யூப். இதற்கு நிரந்தரத் தீர்வே கிடையாதா? (ஆர்.கே. புரம் வாசகி)

பதில்: கிடையாது அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'நிரந்தரத் தீர்வு' என்ற வார்த்தையைத் துரத்திக்கொண்டு ஓடித்தான் நிறையப் பேர் தோலையும் பணத்தையும் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அடக்கி வைக்க முடியும், மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஒரு செதில்கூட இல்லாமல். சர்க்கரை நோயை எப்படிப் பார்க்கிறோமோ அப்படிப் பாருங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். தோலின் அடியில் பிறக்கும் ஒரு செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், அது நம் கண்ணுக்கே தெரியாது. சொரியாசிஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தேவையில்லாமல் உசுப்பிவிடுவதால் மூன்று நான்கு நாளிலேயே செல்கள் மேலே வந்து குவிகின்றன. முதிராத செல்கள் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு வெள்ளிச் செதிலாகத் தெரிகிறது. கிருமி இல்லை, ரத்தம் கெட்டுப்போகவும் இல்லை. புத்தகப் படங்களில் சிவப்பாக இருக்கும், நம் நிறத்தில் அது கருஞ்சிவப்பாகவோ சாம்பல் கலந்த ஊதாவாகவோதான் தெரியும். அதனாலேயே படர்தாமரை என்று நினைத்துக் கடைக்காரர் ஏதாவது ஒரு ட்யூபைக் கையில் கொடுத்துவிடுகிறார்.

அந்த ட்யூபின் அட்டையை எடுத்துப் பாருங்கள். க்ளோபெட்டாசால் என்று எழுதியிருந்தால் அது தோலில் போடும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வலுவானது. ஸ்டீராய்டு விஷம் என்று நான் சொல்லவில்லை, நானே தினமும் எழுதிக் கொடுப்பதுதான். எங்கே, எவ்வளவு, எத்தனை நாள், எப்படி நிறுத்துவது என்று நாலு கேள்விக்கும் விடை தெரியாமல் போடுவதுதான் ஆபத்து. மாதம் நாலு ட்யூப் போட்டால் தோல் சிகரெட் பேப்பர் மாதிரி மெலிந்துபோகும், வரி வரியாகக் கோடு விழும். சட்டென்று விட்டால் நோய் இரட்டிப்பாகத் திரும்பும், நீங்கள் பார்ப்பது அதைத்தான். இன்னும் மோசம், சில டாக்டர்களும் 'ஒரே ஊசியில் சரியாகும்' என்று ஸ்டீராய்டு ஊசி போடுவது. அதன் வேகம் இறங்கியதும் உடம்பு முழுக்கச் சீழ்க்கொப்புளம் கிளம்பி அட்மிட் ஆகும் நிலைக்கு வந்தவர்கள் உண்டு.

அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால், அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். முகத்திலும் தொடை இடுக்கிலும் அக்குளிலும் இந்த வலுவான மருந்து கூடவே கூடாது. முழங்கை முழங்காலுக்கு வைட்டமின் டி வகையைச் சேர்ந்த கால்சிபோட்ரியால் கலந்த களிம்பைச் சில வாரம் தினமும் போட்டு, அடங்கியதும் வாரத்தில் இரண்டு நாளாகக் குறைப்பது வழக்கமான முறை. அதை ஒரு தோல் டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும். எய்ம்ஸ், சஃப்தர்ஜங், ஆர்.எம்.எல். (ராம் மனோகர் லோகியா) ஆஸ்பத்திரிகள் மூன்றிலும் தோல் பிரிவு இருக்கிறது. வரிசை நீளம்தான், காலையில் சீக்கிரம் போங்கள்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது, வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்து, துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் வாசலின் மாதிரி கெட்டியான எதையாவது தடவுவது. தேங்காய் எண்ணெயும் ஆகும், தில்லி ஜனவரியில் அது பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து கிடக்கும் என்பதால் வெந்நீர்ச் சொம்பில் பாட்டிலை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போகச் சொல்லுங்கள். தலையில் சீப்பால் சுரண்டி எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடட்டும். கீறல் விழுந்த இடத்திலேயே புதுத் தடிப்பு கிளம்புவது இந்த நோயின் சுபாவம்.

கேள்வி: வயது 23. பின்னங்கழுத்தில் முடி ஓரமாகத் தடிப்பு இருக்கிறது. போன வாரம் சலூனில் துணியைப் போர்த்திவிட்டு, கழுத்தைப் பார்த்ததும் 'வேறு கடைக்குப் போ' என்று எழுப்பிவிட்டார்கள். பத்துப் பேர் பார்க்க எழுந்து வந்தேன். இது நிஜமாகவே ஒட்டாதா டாக்டர்? (மயூர் விஹார் வாசகர்)

பதில்: ஒட்டாது தம்பி. ஒரே சீப்பு, ஒரே துண்டு, ஒரே நீச்சல் குளம், கட்டிப்பிடிப்பது, கல்யாணம் பண்ணிக்கொள்வது, எதிலும் ஒட்டாது. ஒட்டுவதற்கு அதில் கிருமியே இல்லையே.

அந்தச் சலூன்காரரைத் திட்டிப் பயனில்லை, அவருடைய பயம் மிகப் பழையது. ஐரோப்பாவிலேயே ரொம்ப காலம் சொரியாசிஸையும் தொழுநோயையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, நோயாளிகளை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தார்கள். வியன்னாவில் இருந்த ஹெப்ரா என்ற டாக்டர் 1841ல்தான் இரண்டும் வேறு வேறு என்று தெளிவாகப் பிரித்தார். உலக சுகாதார நிறுவனம் 2014ல் இதற்கென்றே ஒரு தீர்மானம் போட்டபோது இந்த ஒதுக்கி வைத்தலையும் பேச வேண்டியிருந்தது.

அடுத்த முறை கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் போய், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே 'யே பைல்தா நஹீன், பையா' (இது பரவாது, அண்ணா) என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஒளிக்கிறோம் என்று தோன்றும்போதுதான் எதிரில் இருப்பவருக்குச் சந்தேகம் வரும். முதல் நாள் ராத்திரி சாலிசிலிக் அமிலம் கலந்த எண்ணெயைத் தடவி, காலையில் நிலக்கரித் தார் கலந்த ஷாம்பு போட்டு அலசினால் செதில் பெரும்பாலும் இறங்கிவிடும். ட்ரிம்மரைத் தோலில் அழுத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

கேள்வி: உடம்பில் பாதிக்கு மேல் பரவிவிட்டதால் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நெட்டில் பார்த்தால் கேன்சர் மருந்து என்று இருக்கிறது. சாப்பிடலாமா? (கரோல் பாக் வாசகர், 52)

பதில்: கேன்சருக்கும் கொடுப்பதுதான், அங்கே அளவு மலையளவு. உங்களுக்குக் கொடுப்பது வாரம் ஒரு முறை, பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராமுக்குள். பல வருடமாகப் பழகிய, விலை குறைந்த, நன்றாக வேலை செய்யும் மருந்து. பயப்பட வேண்டிய இடம் வேறு.

வாரம் ஒரு நாள். இதை நான் நோயாளி, அவர் மனைவி, கூட வந்த மச்சான் என்று எல்லாரிடமும் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைப்பேன். காரணம் இருக்கிறது. சில வருடத்துக்கு முன் ஒரு பெரியவர் இந்த மாத்திரையைப் பிரஷர் மாத்திரை மாதிரி நினைத்து தினமும் போட்டுக்கொண்டார். எட்டாவது நாள் வாயெல்லாம் வெந்து, ரசம் சாதம்கூட இறங்கவில்லை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் தரைமட்டம். நல்லவேளையாக மகள் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனாள், முறிவு மருந்து கொடுத்துப் பிழைத்தார். அன்றிலிருந்து மாத்திரை அட்டையின் பின்னால் நானே மார்க்கரில் கிழமையை எழுதிக் கொடுக்கிறேன்.

ஃபோலிக் அமிலம் எழுதியிருந்தால் அதை மற்ற நாட்களில் போடுங்கள். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், இந்த மாத்திரையும் மதுவும் ஒரே கல்லீரலில் சண்டை போடும். காய்ச்சல் என்று வேறு டாக்டரிடம் போனாலும் 'மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன்' என்று முதலில் சொல்லுங்கள், கோட்ரைமாக்சசோல் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக்கே இதோடு சேர்ந்தால் விபரீதமாகும். இளம் வயதினர் யாராவது படித்தால், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது.

இது ஒத்துவராவிட்டால் வழி அடைந்துவிடாது. 311 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதா ஒளி கொடுக்கும் சிகிச்சை இருக்கிறது. போன் பூத் மாதிரி ஒரு பெட்டிக்குள் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், முதலில் சில வினாடிகள், போகப்போக நிமிடக் கணக்கு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, சில மாதம். மருந்தைவிட மெட்ரோ பயணம்தான் அலுப்பு. அதற்கும் மேலே பயலாஜிக் ஊசிகள், அதாவது நோயைக் கிளப்பும் எதிர்ப்புச் சக்தியின் ஒரு கண்ணியை மட்டும் பிடித்துத் தடுப்பவை. பெங்களூர் பயோகான் நிறுவனமே 2013ல் இடோலிசுமாப் என்ற ஒன்றை இதற்காகக் கொண்டுவந்தது. இப்போது செகுகினுமாப் மாதிரி இன்னும் குறி பார்த்து அடிக்கும் ஊசிகள் உண்டு. விலைதான் கசக்கும். எந்த பயலாஜிக்காக இருந்தாலும் முதலில் டி.பி. இருக்கிறதா என்று பார்க்காமல் போடக்கூடாது, நம் நாட்டில் அது தூங்கிக்கொண்டிருப்பது சகஜம்.

கேள்வி: கத்தரிக்காய், கருவாடு, புளி எல்லாவற்றையும் மாமியார் நிறுத்திவிட்டார். நிஜமாகவே ஆகாதா? ஊரிலிருந்து வெட்பாலைத் தைலம் வேறு வந்திருக்கிறது. (துவாரகா வாசகி)

பதில்: கத்தரிக்காய் பாவம், எல்லா நோய்க்கும் அதுதான் முதல் குற்றவாளி. குறிப்பிட்ட காயைத் தின்றால் சொரியாசிஸ் வரும் என்பதற்கு ஆதாரமில்லை. உங்களுக்கு மட்டும் ஏதாவது ஒன்று சாப்பிட்டால் அரிப்பு கூடுகிறது என்று திரும்பத் திரும்பத் தெரிந்தால் அதை விடுங்கள், மற்றதை ருசித்துச் சாப்பிடுங்கள். எடை கூடுதல், சிகரெட், மது, இந்த மூன்றுக்குத்தான் நோயோடு உறவு உண்டு.

வெட்பாலைத் தைலம் நம் சித்த மருத்துவத்தில் பெயர் பெற்றது, காளாஞ்சகப்படை என்று அவர்கள் சொல்வது இதைத்தான். இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீலமாக மாறும், சின்ன வயதில் பாட்டி வீட்டுத் திண்ணையில் பார்த்த நிறம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. செதிலை இளக்கத் தடவிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எரிந்தால் நிறுத்துங்கள், தலையணை உறை கறைபடும், பழையதாகப் போடுங்கள். நான் சண்டை போடுவது லேபிள் இல்லாத பொட்டலப் பொடியோடுதான். அதில் ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? சித்த மருந்து சாப்பிடுவதென்றால் படித்துப் பட்டம் பெற்ற சித்த டாக்டரிடம் போங்கள், அதையும் என்னைப் போன்றவர்களிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி: எனக்குச் சொரியாசிஸ் இருப்பதால் பிறக்கும் குழந்தைக்கும் கட்டாயம் வருமா? (முனிர்க்கா வாசகி)

பதில்: கட்டாயமில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று, கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவது உண்டு. மாத்திரை எதுவும் சாப்பிடுவதாக இருந்தால் மட்டும் கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: தோல் ஓரளவு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு மாதமாகக் காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கவில்லை, தோசைக் கரண்டியைப் பிடிக்கவே அரை மணி நேரம் ஆகிறது. குதிகாலும் வலிக்கிறது. குளிர்தான் காரணமா? (ரோஹிணி வாசகி, 38)

பதில்: எனக்கு இந்தக் கடிதம்தான் கவலை. சொரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமான பேருக்கு மூட்டிலும் அதே அழற்சி வரும், பெரும்பாலும் தோலில் வந்து பல வருடம் கழித்து, தோல் அடங்கியிருக்கும்போதுகூட வரும். காலை நேர இறுக்கம், குதிகால் வலி, ஒரு விரல் முழுக்க வீங்குவது, எல்லாம் அதன் அடையாளங்கள். விட்டுவைத்தால் மூட்டு அரித்துப்போகும், அரித்தது திரும்ப வளராது. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பிப்ரவரி வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே ஒரு ருமட்டாலஜி (மூட்டுவாதம்) டாக்டரைப் பாருங்கள். போகும்போது நெயில் பாலிஷை அழித்துவிட்டுப் போங்கள், நகத்தில் ஊசியால் குத்தினது போலப் புள்ளிக் குழிகள் இருக்கின்றனவா என்று அவர் பார்க்க வேண்டும்.