பட்டறைக் கேள்விகள்: பச்சை பெயின்ட் அடித்த மில்லிங் மெஷின்

கேள்வி: ஐயா, நான் பல்லடத்தில் பள்ளி ஆசிரியர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, நாலரை அடி லேத் ஒன்றில் ஓய்வு நேரத்தில் சின்ன நீராவி என்ஜின் மாதிரிகள் செய்கிறேன். பழைய மில்லிங் மெஷின் வாங்க ஒன்றரை லட்சம் சேர்த்திருக்கிறேன். கோவையில் ஒரு புரோக்கர், பச்சை பெயின்ட் அடித்துப் புதுசு மாதிரி இருக்கும் எம்1டிஆர் ஒன்றைக் காட்டினார். மொத்தப் பணத்தையும் கேட்கிறார். வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். வாங்கலாமா?

பதில்: வகை சரியானதுதான். ஆனால் மொத்தப் பணத்தையும் அதில் போடாதீர்கள். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் அட்வான்ஸும் கொடுத்துவிடாதீர்கள்.

எம்1டிஆர் என்று நாம் சொல்வது பிரிட்ஜ்போர்ட் வகை மில்லிங் மெஷின், சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்குவது. 1938-இல் அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் பிறந்த வடிவம். கட்டர் சுற்றும் தலையைச் சாய்க்கலாம், அந்தத் தலையைத் தாங்கும் கையை முன்னும் பின்னும் தள்ளலாம். உங்கள் என்ஜின் சிலிண்டருக்கும் வால்வு பெட்டிக்கும் இதைவிடப் பொருத்தமானது கிடையாது. எச்எம்டி கம்பெனியின் எஃப்என்2 மில்லிங் மெஷின் மலிவாக வருகிறது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அருமையான மெஷின், ஆனால் இரண்டு டன்னுக்கு மேல் எடை. உங்கள் கொட்டகைத் தரைக்கு அது வேண்டாம்.

இப்போது அந்தப் பச்சை பெயின்ட். 1997-இல் நானும் இப்படித்தான் ஒன்று வாங்கினேன். பகலில் டூல்ரூம் வேலை, மாலையில் ஆவாரம்பாளையத்தில் வீட்டோடு சேர்ந்த சின்னப் பட்டறை. கடைக்காரர் மெஷினை வெறுமனே ஓட விட்டுக் காட்டினார், சத்தம் சுத்தமாக இருந்தது, வாங்கிவிட்டேன். முதல் வேலையே ஆறு அங்குல நீளத்துக்கு ஒரு ஸ்லாட். இரண்டு முனையிலும் அளவு சரி, நடுவில் அகலம் கூடிப்போயிருந்தது. டேபிளைக் கழற்றிப் பார்த்தால், டேபிள் ஓடும் ஸ்லைடின் இடைவெளியை இறுக்கும் ஜிப் என்ற பட்டைக்குப் பின்னால் பித்தளைத் தகடு சொருகி ஆட்டத்தை மறைத்திருந்தார்கள். ஸ்லைடு ஓரத்தில் பட்டி வைத்து மேலே பெயின்ட். கணபதியிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்து ஸ்க்ரேப்பிங் செய்து (தேய்ந்த பரப்பைக் கையால் சுரண்டிச் சமமாக்கி) முடிக்க மூன்று வாரம் ஆனது. மெஷின் விலையில் பாதி அதற்கே போயிற்று. உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

கடைசல் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் மேக்னடிக் ஸ்டாண்டும் டயல் கேஜும் (நூறில் ஒரு மில்லிமீட்டர் அசைவையும் முள்ளால் காட்டும் கருவி) ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். முதலில் டேபிளின் நடுப்பகுதி. வேலைப்பொருளைப் பிடிக்கும் வைஸ் எப்போதும் நடுவில்தான் இருக்கும். வருஷக்கணக்காக மெஷின் அந்த எட்டு, பத்து அங்குலத்துக்குள்தான் போய்வந்திருக்கும். அதனால் தேய்மானமும் அங்கேதான். கைப்பிடியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகச் சுற்றுங்கள். நடுவில் லேசாகவும் முனைகளில் இறுக்கமாகவும் இருந்தால் ஸ்லைடு தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நடுவுக்குத் தக்கபடி ஜிப்பை இறுக்கினால் முனையில் டேபிள் சிக்கிக்கொள்ளும். அதை எந்த மெக்கானிக்கும் ஒரு ஸ்பேனரால் சரிசெய்ய முடியாது.

அப்புறம் டேபிளை நடுவில் நிறுத்தி, அதன் பக்கவாட்டில் டயலை வைத்து, முனையைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். முள் இரண்டு, மூன்று கோடு அசைந்தால் நல்ல மெஷின். பத்துக் கோட்டைத் தாண்டினால், அதாவது 0.10 மில்லிமீட்டருக்கு மேல் போனால், நான் வாங்க மாட்டேன்.

பேக்லாஷை, அதாவது கைப்பிடியைத் திருப்பிச் சுற்றும்போது டேபிள் நகராமல் வீணாகும் ஆட்டத்தை, பார்த்து ரொம்பப் பயப்பட வேண்டாம். பழைய மெஷினில் அது இருக்கத்தான் செய்யும். ஆனால் நடுவில் ஒரு முறை, முனையில் ஒரு முறை அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவாகக் கூடுதலாக இருந்தால் தேய்ந்தது டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூவில் ஓடும் வெண்கல நட்டு. அதை மாற்றிக்கொள்ளலாம். நடுவில் மட்டும் அதிகமென்றால் ஸ்க்ரூவே தேய்ந்திருக்கிறது, புது நட்டுப் போட்டும் பயனில்லை. பேக்லாஷ் உள்ள மெஷினில் கட்டர் சுற்றும் திசைக்கு எதிராகவே ஃபீடு கொடுங்கள், அதாவது டேபிளை நகர்த்துங்கள். அதே திசையில் கொடுத்தால் கட்டர் வேலைப்பொருளை உள்ளே இழுத்து உடைந்துபோகும்.

கட்டரைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலுக்கு: அதன் கூம்பு வடிவ டேப்பர் துளைக்குள் டயல் முனையை வைத்துக் கையால் சுற்றுங்கள். ஒன்று, இரண்டு கோட்டுக்குள் இருக்க வேண்டும். ஸ்பிண்டிலை மேலும் கீழும் நகர்த்தும் குவில்லை முழுக்க இறக்கிப் பிடித்து ஆட்டியும் பாருங்கள். பிறகு அதிக வேகத்தில் அரை மணி நேரம் ஓடட்டும். புரோக்கர் ஐந்து நிமிஷம் ஓட்டிக் காட்டி நிறுத்தப் பார்ப்பார், சம்மதிக்காதீர்கள். பேரிங் இருக்கும் இடத்தில் கை வைத்தால் இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்க வைக்கிற சூடு கூடாது. டேப்பர் ஆர்8-ஆ, ஐஎஸ்ஓ 30-ஆ, 40-ஆ என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்குமே கட்டரைப் பிடிக்கும் காலட் கிடைக்கும். வேறு ஏதாவது பெயர் சொன்னால், அதற்கான சாமான் கையோடு வருகிறதா என்று பாருங்கள்.

சிங்கிள் ஃபேஸ் தடையே இல்லை. இரண்டு எச்பி மோட்டாருக்கு 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் வாங்கி த்ரீ ஃபேஸ் கொடுக்கும் விஎஃப்டி என்ற மின்கருவி போதும். ஆனால் அதிலிருந்து வருவதும் 230தான், 415 வராது. அதனால் மோட்டார் டெர்மினல் பெட்டியைத் திறந்து ஆறு முனை வெளியே வந்திருக்கிறதா, பெயர்ப் பலகையில் டெல்டாவுக்கு 230 என்று போட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். மூன்று முனைதான் என்றால் வைண்டிங் கடைக்குப் போக வேண்டிவரும், அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். விஎஃப்டியிலிருந்து ஒயர் நேராக மோட்டாருக்குப் போக வேண்டும். நடுவே பழைய ரிவர்ஸ் ஸ்விட்ச் இருந்து, ஓட்டத்தில் யாராவது அதைத் திருப்பினால் விஎஃப்டி போய்விடும். இன்னொன்று, வெளி வேலை எடுத்துக் காசு வாங்குவதாக இருந்தால் வீட்டு இணைப்பில் ஓட்டாதீர்கள்.

குட்டி யானையில் ஏற்றிவிடலாம் என்று புரோக்கர் சொல்வார். அது முக்கால் டன் வண்டி, மெஷின் ஒரு டன் அளவுக்கு வரும். பெரிய வண்டி பேசுங்கள். ஏற்றும் முன் டேபிளைக் கடைசி வரை இறக்கி, மெஷினின் கையை உள்ளே தள்ளி, தலையைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டால் பாரம் தாழ்ந்து நிற்கும். தலை கனத்த மெஷின் வளைவில் சாய்ந்தால் யாராலும் பிடிக்க முடியாது, பக்கத்தில் ஆளை நிற்க விடவே கூடாது.

மெஷினுக்குத் தொண்ணூறாயிரம் வரை பேசுங்கள். மிச்சம் நல்ல வைஸ், காலட் செட், எண்ட் மில், கிளாம்ப், விஎஃப்டி, வண்டிக் கூலி என்று கரைந்துவிடும். அதில் வைஸ் மட்டும் மலிவாக வாங்காதீர்கள், பிளீஸ். வைஸ் தாடை தூக்கிக்கொண்டால் எவ்வளவு நல்ல மெஷினிலும் வேலை சதுரமாக வராது.

கேள்வி: மில்லிங் மெஷின் வாங்க வசதியில்லை. லேத்திலேயே வெர்டிகல் ஸ்லைடு (வேலைப்பொருளை மேலும் கீழும் நகர்த்தும் துணைக்கருவி) மாட்டிச் சமாளிக்கலாமா? (வாசகி, ஓசூர்)

பதில்: சாவிக்காடி (கீவே), சின்ன ஸ்லாட், அலுமினியம், பித்தளை வரைக்கும் தாராளமாகச் செய்யலாம், அம்மா. இரும்பில் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஒரே வெட்டில் எடுக்காதீர்கள். எண்ட் மில்லை மூன்று தாடைச் சக்கில் பிடிக்கவே கூடாது. அதன் தண்டு கடினப்படுத்தியது, வெட்டும்போது வழுக்கி வெளியே வந்து வேலைப்பொருளுக்குள் இறங்கிவிடும். ஸ்பிண்டில் டேப்பருக்கு ஏற்ற காலட் சக் ஒன்று வாங்குங்கள். பின்னால் மில்லிங் மெஷின் வாங்கினாலும் அதே காலட்டுகள் உதவும்.